ஐந்து ரூபாய் கூடுதல்

பாலக்கோடு
22–8–1943

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி சென்னப்பன் எழுதிக்கொள்வது. மாரியாத்தா புண்ணியத்தில் நானும் நஞ்சம்மாளும் படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பெங்களூரில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பதாக ஒரு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

நஞ்சம்மாளுக்கு இது நாலாம் மாதம். போன குழந்தை தாய்க்குப் பால் இல்லாமல் வற்றிப்போய்ச் செத்தது உங்களுக்குத் தெரியும். இந்த முறை ஆஸ்பத்திரி நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். தினமும் இவள் உழக்குப் பாலாவது குடித்து, ஒரு வேளையாவது நல்ல அரிசிச் சோறு தின்ன வேண்டுமாம். யுத்தம் வந்ததிலிருந்து அரிசி விற்கும் விலையில், என் இருபது ரூபாய்க்குக் கேழ்வரகுக் களியே மாதக் கடைசிவரை வருவதில்லை. இன்னொரு குழந்தையையும் என் கையால் குழியில் வைக்க என்னால் முடியாது, அண்ணா.

அதனால் முதலாளி காளியப்பனிடம் சம்பளம் கூட்டிக் கேட்கலாம் என்று இருக்கிறேன். ஐந்து வருஷமாக அவர் பஸ்ஸை ஓட்டுகிறேன், ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு வண்டிக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு கரி பாய்லரைக் கட்டிவிட்டார்கள். அடுப்புக்கரியைப் போட்டு எரித்து, அதிலிருந்து வரும் புகையில்தான் வண்டி ஓடுகிறது. கரி போட மாதையண்ணன் என்று ஓர் ஆள். காலையில் அவரும் நானும் வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே புளியமரத்தடிக்குத் தள்ளி வந்து, அங்கேதான் பற்றவைப்போம். மாரண்டஹள்ளியில் வெள்ளை வேட்டியோடு ஏறுகிறவர் தருமபுரியில் கொல்லர் மாதிரி இறங்குகிறார்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். ஆயுத பூஜையன்று முதலாளி கையால் வேட்டியும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டால், அடுத்த பூஜை வரை அதே சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதற்குள் கேட்டாக வேண்டும். இரண்டு முறை கேட்கப் போய், "டயர்ல காத்து எறங்கிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நீங்கள் மில்லில் இருப்பவர். எப்படிக் கேட்பது, என்ன யோசித்துக்கொண்டு போவது என்று எழுதுங்கள்.

தங்கள் பதிலுக்கு வழி பார்க்கும் தம்பி,
சென்னப்பன்

*

பெங்களூர்
2–9–1943

தம்பி சென்னப்பனுக்கு,

அண்ணன் ராஜப்பன் ஆசீர்வாதம். இங்கே அனைவரும் நலம். சின்னவனுக்கு மட்டும் கண்வலி, அதுவும் தாய்ப்பால் விட்டதில் தணிந்துவிட்டது. நஞ்சம்மாள் கனமான குடம் தூக்கக் கூடாது என்று உன் அண்ணி சொல்கிறாள்.

உனக்கு வயது இருபத்தெட்டு ஆகியும் முதலாளியைக் கண்டால் டயரில் காற்று இறங்குகிறது! நல்ல டிரைவர். சரி, நான் சொல்வதைக் கேள். மில்லில் எத்தனை பேர் கேட்டு வாங்கினார்கள், எத்தனை பேர் கேட்டுக் கெட்டார்கள் என்று பார்த்தவன் நான்.

முதலில் முதலாளியின் முகத்தைப் பார். டயர் வாங்கிய அன்றும், போலீஸ்காரன் வந்துபோன அன்றும் கேட்காதே. நாலு பேர் நிற்கும்போது கேட்டால் உனக்குக் கொடுப்பது நாலு பேருக்கும் கொடுத்ததாகும் என்று பயப்படுவார், அதனால் தனியாக இருக்கும்போது கேள். "எம் பொண்டாட்டி புள்ளத்தாச்சிங்க" என்று அழாதே. உன் பெண்டாட்டிக்கு அவர் ஏன் பால் வாங்கித் தரவேண்டும்? உன் வேலையைச் சொல்லிக் கேள், கஷ்டத்தைச் சொல்லிக் கேட்காதே. உன்னை அனுப்பிவிட்டால் உன் இடத்துக்கு ஆள் கிடைப்பானா என்று விசாரித்து வை. போக ஓர் இடம் கையில் இல்லாமல், போய்விடுவேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நில். பேசப் பேச நீயே குறைத்துக்கொண்டு வருவாய், உன்னை எனக்குத் தெரியும்.

நஞ்சம்மாள் உடம்பைப் பற்றி மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
ராஜப்பன்

*

பாலக்கோடு
12–9–1943

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. சின்னவன் கண் நன்றாகிவிட்டதா? இங்கே நாங்கள் இருவரும் சுகம். நஞ்சம்மாளுக்கு வாந்தி நின்று பசி வந்திருக்கிறது. பசி வந்ததுதான் இப்போது பயமாக இருக்கிறது.

தங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். டிரைவர்கள் பாதிப் பேர் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள், ஆள் கிடைப்பது கஷ்டம். அது எனக்குச் சாதகம். ஆனால் முதலாளி இப்போதே முந்திக்கொண்டு அழுகிறார். கரி விலை ஏறிவிட்டது, டயர் கிடைக்கவில்லை, பஸ் வைத்ததற்குப் பதில் எருமை வாங்கியிருக்கலாம் என்கிறார்.

மாதையண்ணனிடம் சொன்னேன். சந்தோஷம் தாளாமல் என் முதுகில் தட்டினார். "மொதல்ல நீ கேளு சென்னப்பா. நீ டிரைவரு, ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஒனக்குக் குடுத்தாருன்னா உம் பின்னாலயே நானும் போயி நிக்கறன்" என்றார். நாலு பிள்ளைகள் அவருக்கு.

ஒரே ஒரு இடத்தில் முட்டுகிறது. "அதே பஸ்ஸு, அதே ரோடு. எதுக்குடா கூடக் குடுக்கணும்?" என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? உடனே எழுதுங்கள்.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
சென்னப்பன்

*

பெங்களூர்
20–9–1943

தம்பி சென்னப்பனுக்கு,

ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். சின்னவன் கண் திறந்து மறுபடி அண்ணனை அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

நீ கேட்டது சரியான கேள்வி. அதே வேலைக்கு எந்த முதலாளியும் கூடக் கொடுக்கமாட்டான். உனக்குக் கொடுப்பதைவிட அவருக்கு அதிகம் மிச்சமாகிறது என்று காட்டினால்தான் பணப்பை திறக்கும். அந்த வண்டியில் நீ இன்னும் என்ன வேலை செய்யலாம் என்று பார். ஓட்ட ஓர் ஆள், கரி போட ஓர் ஆள் என்று ஒரு வண்டிக்கு எதற்கு இத்தனை பேர் என்று அவர் ஏற்கெனவே படுத்துக்கொண்டு யோசித்திருப்பார். நீயாகச் சொன்னால் கெட்டிக்காரன் என்று பெயர். அவர் சொல்லி நீ செய்தால் கூடுதல் சம்பளம் இல்லாமலே செய்ய வேண்டிவரும்.

யோசித்து நட. உன் குழந்தைதான் உனக்கு முக்கியம்.

இப்படிக்கு,
ராஜப்பன்

*

பாலக்கோடு
11–10–1943

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

இன்றைக்கு நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. மன்னிக்கவும். கிடைத்துவிட்டது!

பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் முதலாளி தனியாக வண்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கரிக் குத்தகைக்காரன் விலையைக் குறைத்திருந்ததால் முகம் தெளிவாக இருந்தது. இதுதான் சமயம் என்று போனேன்.

"என்னா சென்னப்பா, பூ வாங்கியாச்சா?"

"ஆச்சுங்க. ஒரு வார்த்த சொல்லணுங்க."

"காசா?"

"இல்லீங்க, வேலைங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "கரி வேலையும் நானே பாத்துக்கறங்க. ஒரு ஆளு சம்பளம் ஒங்களுக்கு மிச்சங்க. அதுல அஞ்சு ரூபா மட்டும் என் சம்பளத்தோட சேத்துக் குடுங்க."

அப்புறம் தாங்கள் சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் பாய்லரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"யாருடா சொல்லிக் குடுத்தது?"

"எங்கண்ணனுங்க. பெங்களூரு மில்லுல இருக்கறாருங்க."

"கெட்டிக்காரன்" என்றார். அவ்வளவுதான் அண்ணா, முடிந்தது.

நேற்றிலிருந்து எதிர்வீட்டு ராணியம்மாளின் எருமைப் பால் வருகிறது. நஞ்சம்மாள் முதல் டம்ளரை எனக்கு நீட்டினாள். நான் கோபித்துக்கொண்ட பிறகுதான் குடித்தாள். குடிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அழுகை வந்துவிட்டது.

என்றும் தங்கள் நன்றி மறவாத,
சென்னப்பன்

*

பெங்களூர்
19–10–1943

தம்பி சென்னப்பனுக்கு,

அண்ணனும் அண்ணியும் ஆசீர்வாதம். இங்கே நலத்துக்குக் குறைவில்லை. உன் கடிதம் வந்த அன்று உன் அண்ணி கேசரி கிளறினாள். சர்க்கரை கிடைக்காத காலத்தில் கேசரி என்றால் பார்த்துக்கொள். மில்லில் பக்கத்துத் தறிக்காரன் முதல் மேஸ்திரி வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நான் சொல்லிக் கொடுத்துத்தான் என் தம்பி வாங்கினான் என்று கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன், அதில் தவறில்லையே?

அந்த மாதையன் என்ன ஆனார்? அவரைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே.

இப்படிக்கு,
ராஜப்பன்

*

பாலக்கோடு
14–11–1943

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. தாங்கள் அனைவரும் தீபாவளியைச் சுகமாகக் கழித்திருப்பீர்கள். நஞ்சம்மாள் நன்றாக இருக்கிறாள். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது, வயிற்றில் குழந்தை உதைப்பதாகச் சொல்லி என் கையை எடுத்து வைக்கிறாள்.

வேலைதான் கொஞ்சம் கூடுதல். கரி உடைத்து, சலித்து, பாய்லரை நிரப்பி, பற்றவைத்து, கையால் ஊதுவிசிறியைச் சுற்ற வேண்டும். பிறகு ஓட்ட வேண்டும். மழை விட்டபாடில்லை. தனி ஆளாக வண்டியை வெளியே தள்ள என்னால் முடியவில்லை, கண்டக்டர் பச்சியப்பன் வண்டி கிளம்பும் நேரத்துக்குத்தான் வருவான். அதனால் ஷெட்டுக்குள்ளேயே பற்றவைத்துவிடுகிறேன். கரி நனையாமலும் இருக்கிறது.

காலையில் தலை பாறாங்கல் மாதிரி கனக்கிறது. போன வாரம் மாரண்டஹள்ளியில் வண்டியை நிறுத்திவிட்டு வாந்தி எடுத்தேன். ஜனங்கள் டிரைவர் குடித்திருக்கிறான் என்று நினைத்தார்கள். பித்தம் என்று நினைக்கிறேன். ஓட்டிக்கொண்டு போய்க் காற்றுப் பட்டால் சரியாகிவிடுகிறது. நஞ்சம்மாளிடம் சொல்லவில்லை.

மாதையண்ணனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பூஜையன்று அவர் குளித்து, நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு எங்களோடு வரிசையில் நின்றார். அவருக்கு எதுவும் தெரியாது. முதலாளியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தட்டில் வேட்டி ஒன்று குறைவாக இருந்தது. எனக்கு முன்னால் நின்ற அவரைத் தாண்டி முதலாளி என்னிடம் வந்த பிறகும், அவர் நீட்டிய கையை நீட்டியபடியே வைத்திருந்தார். பிறகு மடக்கிக்கொண்டு போய்விட்டார். இப்போது சந்தையில் மூட்டை தூக்குகிறார். எதிரே வந்தால் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். இதைத் தயவுசெய்து மறுபடி கேட்காதீர்கள்.

சென்னப்பன்

*

பெங்களூர்
24–11–1943

தம்பி சென்னப்பனுக்கு,

ஆசீர்வாதம். இங்கே அனைவரும் சுகம். உன் உடம்பை நினைத்து உன் அண்ணி கவலைப்படுகிறாள். அது பித்தமேதான். சுக்கும் கொத்தமல்லியும் தட்டிப்போட்டுக் காலையில் கஷாயம் குடி. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலை முழுகு.

ஆனால் இதற்காக லீவு கிவு என்று போய் நிற்காதே. சம்பளம் கூட்டி வாங்கிய சூட்டில் உடம்புக்கு முடியவில்லை என்றால், இவனால் ஆகாது என்று பழையபடி ஆக்கிவிடுவார். தை வரை பல்லைக் கடித்துக்கொள். குழந்தை பிறக்கட்டும்.

மற்றதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரவர் குடும்பத்தை அவரவர்தான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ராஜப்பன்

*

பாலக்கோடு
9–12–1943

அன்புள்ள அண்ணனுக்கு,

அனைவரும் சுகமென நம்புகிறேன். இது கார்டு, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். கஷாயம் குடிக்கிறேன். எண்ணெய் தேய்த்துக்கொள்ளத்தான் நேரம் இல்லை. தாங்கள் சொன்னபடி லீவு கேட்கவில்லை. குளிர் அதிகம். ஈரக் காற்று அடித்து நெருப்பு அணைந்துபோவதால் கதவைச் சாத்திக்கொண்டு பற்றவைக்கிறேன். இப்போதெல்லாம் விசிறி சுற்றும்போதே தூக்கமாக வருகிறது. நஞ்சம்மாள் சுகம். பொங்கலுக்குக் கட்டாயம் வரவும்.

சென்னப்பன்

*

பெங்களூர்
20–12–1943

அன்புத் தம்பி சென்னப்பனுக்கு,

இங்கே நாங்கள் பரம சௌக்கியம். உன் தூக்கத்துக்குக் காரணம் பித்தம் இல்லை, வயிறு நிறையச் சோறு! நஞ்சம்மாளுக்கு அண்ணி இரண்டு புடவை எடுத்து வைத்திருக்கிறாள். பொங்கலுக்கு நிச்சயம் வருகிறோம், பிள்ளைகள் கரி பஸ்ஸில் ஏற வேண்டும் என்று குதிக்கிறார்கள்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. இந்த மில்லில் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. நான் ஒருநாளும் சம்பளம் கூட்டிக் கேட்டதில்லை. மேஸ்திரி வந்தால் தறிக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறவன் நான். உனக்கு எழுதியதெல்லாம் அடுத்தவர்களைப் பார்த்து எழுதியதுதான். இப்போது உன்னைப் பார்த்து எனக்கும் தைரியம் வந்திருக்கிறது. வருஷம் பிறந்ததும் முதல் திங்கட்கிழமை கேட்கப் போகிறேன். பக்கத்துத் தறியையும் சேர்த்து நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம் என்று இருக்கிறேன்.

உன் அண்ணன்,
ராஜப்பன்

*

பாலக்கோடு
26–12–1943

பெங்களூர் ராஜப்பன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் யாருடைய நலத்தையும் கேட்டு எழுதவில்லை. மூலையில் கறுப்பு மை தடவியிருப்பதைப் பார்த்ததுமே தங்களுக்குத் தெரிந்திருக்கும். தங்கள் தம்பி சென்னப்பன் புதன்கிழமை விடியற்காலையில் காலமானார். அன்றைக்கே தந்தி கொடுத்தோம். மறுநாள் வரை சவத்தை வைத்துக்கொண்டு தங்களுக்காகக் காத்திருந்தோம். நேற்றுத் தங்கள் கடிதம் வந்தது. அதைப் படித்த பிறகுதான், தந்தி வருவதற்கு முன்பே அதை எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிந்தது. தந்தி இன்னமும் வந்து சேர்ந்ததோ இல்லையோ.

நஞ்சம்மாளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நான் மாதையன். நாலாவது வரை படித்தவன்.

கண்டக்டர் பச்சியப்பன் வந்து ஷெட் கதவைத் திறந்தபோது, விசிறியின் கைப்பிடியைப் பிடித்தபடி சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். நான் போய்ப் பார்த்தேன். வெற்றிலை போட்டதுபோல் உதடு சிவந்திருந்தது. கதவடைத்த இடத்தில் கரிப்புகையைக் குடித்து மூச்சு நின்றுவிட்டது என்று சர்க்கார் டாக்டர் சொன்னார். முதலாளி அந்த மாதச் சம்பளத்தைக் கூடுதலோடு சேர்த்துக் கொடுத்தார். கருமாதிக்குத் தனியாகவும் கொடுத்தார். வேறு டிரைவர் வந்திருக்கிறார். பாய்லருக்குப் பக்கத்தில் போகமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதால் என்னை மறுபடி கூப்பிட்டார்கள். பழைய சம்பளம்தான். போனேன். வீட்டில் நாலு பிள்ளைகள், போகாமல் முடியாது.

தங்களிடம் என் பங்குக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். சந்தையில் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்வார். நானும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தனியாக வண்டியைத் தள்ள முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், போகிற வழியில் ஒரு கை கொடுத்துவிட்டுப் போயிருப்பேன். வெட்கத்தில் அவர் கேட்கவில்லை. கோபத்தில் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நஞ்சம்மாள் இப்போது சொல்வதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"மாமா, கொழந்த வயித்துக்குள்ள நல்லாத்தான் இருக்குது. பாலு வருது. ராணியம்மா காசு கேக்காம ஊத்தறாங்க. என்னால முழுங்க முடியல. நீங்க மனசு ஒடிஞ்சிடாதீங்க. நீங்க சொன்ன மாதிரியேதான் அவரு கேட்டாரு. கேட்டதுல ஒரு கொறையும் இல்ல. அல்லாத்தையும் யோசன பண்ணித்தான் கேட்டாரு. திங்கக்கெழம நீங்களும் கேக்கப் போறதா எழுதியிருக்கறீங்களாம். கேளுங்க. கேக்கறதுக்கு முந்தி, அந்தப் பணம் யாரு வூட்டுச் சோத்து ஒலயிலருந்து வருதுன்னு மட்டும் ஒரு தடவ திரும்பிப் பாத்துட்டுக் கேளுங்க மாமா."

இந்தக் கடைசி வரியை எழுத எனக்குக் கை வரவில்லை. வேண்டாம் தாயி, விட்டுவிடலாம் என்றேன். எழுதினால்தான் ஆயிற்று என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

மாதையன்